விக்டோரியா பப்ளிக் ஹால்: மாணவர்களைக் கூட்டிப் போனால் எதைப் பார்க்கச் சொல்வது?

வரைபலகை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 24 பேரை சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலுக்குக் கூட்டிப் போக ஏற்பாடு நடக்கிறது. அவர்களுக்கு நாலு பக்கத்தில் ஒரு கையேடு எழுத வேண்டும். எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியிலும் முட்டிக்கொள்கிறது.

முதலில் ஆண்டு. ஒரு இடத்தில் 1883, இன்னொன்றில் 1887, மூன்றாவதில் 1888-90. எதைப் போடுவது? அடுத்தது பாணி. பாதிப் பேர் இந்தோ-சாரசெனிக் (இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகள் கலந்த பாணி) என்கிறார்கள், மீதிப் பேர் ரோமனெஸ்க் (அரைவட்ட வளைவுகள் கொண்ட பழைய ஐரோப்பியப் பாணி) என்கிறார்கள். அப்புறம், இது நாடகக் கொட்டகையா, டவுன் ஹாலா? "சென்னையின் பழைய தியேட்டர்" என்று எழுதினால் யாராவது சண்டைக்கு வருவார்களா?

கடைசியாக, கையில் டேப்பும் நோட்டும் மட்டும் இருக்கிற மாணவர்கள் அங்கே உருப்படியாக என்ன செய்ய முடியும்? உள்ளே நிற்க அரை மணி நேரம்தான் கிடைக்கும் போலிருக்கிறது. வெளியே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

---

பீப்பிள்ஸ்பார்க்

ஆண்டுகளை முதலில் பார்த்துவிடலாம். நீங்கள் சொன்ன மூன்றுமே சரிதான், ஆனால் மூன்றும் வேறு வேறு விஷயங்களுக்கானவை.

ஊருக்கு ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று பிரமுகர்கள் பச்சையப்பன் மண்டபத்தில் கூடிப் பேசியது 1882 மார்ச்சில். பன்னிரண்டு பேர் கொண்ட குழு போட்டார்கள். அடிக்கல் நாட்டியது 1883 டிசம்பர் 17, நாட்டியவர் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு. (கையேட்டில் இந்த இடத்தில் ஒரு அடைப்புக்குறி போடுங்கள். இது ஹம்பி விஜயநகரம் இல்லை, விசாகப்பட்டினத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சமஸ்தானம். பிள்ளைகள் கிருஷ்ணதேவராயரை இழுத்துவிடுவார்கள்.) 1887 விக்டோரியா ராணியின் பொன்விழா ஆண்டு, பெயர் அதிலிருந்து வந்தது. 1888 முதல் 1890 வரை என்பது நம்பெருமாள் செட்டியார் கட்டி எழுப்பிய காலம். வடிவமைத்தவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோல்ம். ஒரே ஒரு ஆண்டுதான் போட இடம் இருக்கிறது என்றால் "1888-90" போடுங்கள். கண்ணால் பார்க்கிற செங்கல் அந்தக் காலத்தது.

நிலக் கணக்கைக் கட்டாயம் சேருங்கள், மாணவர்களுக்குப் பிடிக்கும். அப்போது அங்கே இருந்த பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்காவிலிருந்து 57 கிரவுண்டு, 99 வருஷக் குத்தகை, கிரவுண்டுக்கு எட்டணா வீதம் வருஷத்துக்கு ஏறக்குறைய 28 ரூபாய். கிரவுண்டுக்கு 2,400 சதுர அடி என்று பெருக்கினால் 1,36,800 சதுர அடி, அதாவது 3.14 ஏக்கர். கட்டடத்தின் தரைத்தளம் 13,342 சதுர அடி. ஆக, நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாலு பக்கமும் தோட்டம், நடுவில் தனியாக நிற்கிற கட்டடம் என்றுதான் சிஷோல்ம் இதை நினைத்திருக்கிறார். இன்று ஒரு பக்கம் ரிப்பன் கட்டடம், ஒரு பக்கம் சென்ட்ரல், காலடியில் மெட்ரோ ஸ்டேஷன். நெருக்கத்தில் நின்று பார்த்துவிட்டு "கோபுரம் ஏன் இவ்வளவு ஒல்லி?" என்று கேட்பார்கள். அது தூரத்திலிருந்து, மரங்களுக்கு மேலே தெரிவதற்காக வைத்த கோபுரம்.

பாணிச் சண்டைக்கு என் தீர்ப்பு: பெயர் சொல்லிக் கொடுக்காதீர்கள், உறுப்பு உறுப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பு செங்கல், வளைவு வரிசை, அது ரோமனெஸ்க். சதுரக் கோபுரம் இத்தாலியத் தோரணை. அதன் தலையில் உட்கார்ந்திருக்கிற கூம்புக் கூரை திருவிதாங்கூர். அது எங்கிருந்து வந்தது என்று தேடி அலைய வேண்டாம். திருவனந்தபுரத்தில் நேப்பியர் மியூசியத்தை வடிவமைத்தவரும் சிஷோல்ம்தான், அது 1880இல் முடிந்தது. தாழ்வாரத் தூண்களின் தலையில் கொரிந்திய இலை. சுவரின் மேல் விளிம்பில் ஓடுகிற சுடுமண் கார்னிஸைப் பார்த்தால் இஸ்லாமிய எழுத்தணி போலத் தோன்றும். இத்தனையும் ஒரே கட்டடத்தில் இருக்கிறது. இதை ஒரே வார்த்தைக்குள் அடைக்கப் பார்ப்பதில்தான் சண்டையே வருகிறது.

ஒப்பிட்டுக் காட்ட வேண்டுமென்றால் சேப்பாக்கம் செனட் ஹவுஸ் (1879), அவருடையதேதான். அங்கே சாரசெனிக் சாயல் தூக்கலாக இருக்கும், இங்கே அடக்கி வாசித்திருக்கிறார். பக்கத்து ரிப்பன் கட்டடம் 1913, வெள்ளை, வேறு தலைமுறை. இரண்டையும் ஒரே போட்டோவில் எடுத்து "பிரிட்டிஷ் பாணி" என்று போடுகிறவர்களை என்ன சொல்ல.

---

மூன்றாவதுமணி

தியேட்டரா டவுன் ஹாலா என்ற கேள்விக்கு வருகிறேன். டவுன் ஹாலாகத்தான் பிறந்தது, நாடகம் வந்து குடியேறியது. இதைப் புரிந்துகொண்டால் கட்டடத்தின் பாதிக் குணம் விளங்கிவிடும்.

மேலும் கீழும் இரண்டு பெரிய மண்டபங்கள், ஒவ்வொன்றிலும் 600 பேர் அளவுக்கு உட்காரலாம். கிழக்குப் பக்கம் மரத்தாலான கேலரி, அதில் 200 பேருக்கு மேல். நாடகத்துக்கென்றே கட்டியிருந்தால் 600 பேர் கூடுகிற இன்னொரு மண்டபத்தை அதே கூரையின் கீழ் யாரும் வைக்க மாட்டார்கள். கீழே சத்தம் போட்டால் மேலே நாடகம் கெடும். வடக்கிலும் தெற்கிலும் முதல் மாடித் தாழ்வாரங்கள் திறந்த வளைவுகளோடு இருக்கின்றன. கூட்டத்துக்குக் காற்று வர அது அருமையான ஏற்பாடு. மேடை வெளிச்சத்தைக் கட்டுக்குள் வைக்க நினைக்கிறவனுக்குத் தலைவலி.

இருந்தும் தமிழ் நாடகத்தில் இந்த இடத்துக்கு ஈடு இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891 ஜூலை 1இல் தொடங்கிய சுகுண விலாச சபை இங்கேதான் வளர்ந்தது. 1936இல் மவுண்ட் ரோட்டுக்குப் போகும்வரை இதுதான் அவர்களுக்கு வீடு மாதிரி. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறியதால் நாடகக்காரன் என்ற பெயருக்கு ஒரு மரியாதை வந்தது. பெண் வேடமும் ஆண்களே கட்டினார்கள். நாடகம் மட்டும் என்றும் இல்லை. விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் பேசியது இங்கே. சென்னையில் முதன்முதலாகச் சலனப்படம் காட்டியதும் இங்கேதான். காட்டியவர் டி. ஸ்டீவன்சன், புகைப்படக் கடை வைத்திருந்தவர், பத்துக் குறும்படங்கள். 1896 என்றும் 1897 என்றும் இரண்டும் அச்சில் இருக்கின்றன, கையேட்டில் "1890களின் பிற்பகுதி" என்று போட்டுவிடுங்கள். படம் காட்டுவதற்கென்றே ஒரு கட்டடம் சென்னைக்கு வந்தது 1913இல், வார்விக் மேஜரின் எலெக்ட்ரிக் தியேட்டர்.

உள்ளே கிடைக்கிற அரை மணியில் என்ன செய்யலாம்? ஒலியைக் கேட்கச் சொல்லுங்கள். மைக் இல்லாத காலத்து மண்டபம் அது. பூசிய சுவர், கடினத் தரை, உயரக் கூரை இருக்கிற எந்த மண்டபத்திலும் ஓசை போய்ப் போய்த் திரும்பும். பாட்டுக்கு அது நல்லது, பாடகன் குரலைத் தாங்கிப் பிடிக்கும். வசனத்துக்கு எதிரி, முந்தின சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிக்கொள்ளும். பாட்டுக்கு மேல் பாட்டாக ஓடிய நாடக மேடையில் உரைநடை வசனத்துக்குப் பெரிய இடம் கொடுத்தவர் பம்மல். அவருடைய நடிகர்கள் நிறுத்தி, வார்த்தையை உடைத்துப் பேசியாக வேண்டும். பழைய நாடக வசன உச்சரிப்பை இன்று கேட்டால் மிகையாகத் தோன்றுவதற்கு இப்படிப்பட்ட மண்டபங்களும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கணக்கு எளிது. எதிரொலி அடங்கும் நேரம் (வினாடி) = 0.161 × மண்டபக் கன அளவு (கன மீட்டர்) ÷ மொத்த உறிஞ்சல் (சதுர மீட்டர்). இந்த மண்டபத்தின் அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உதாரணத்துக்கு மட்டும்: 5,000 கன மீட்டர், காலியாக இருக்கும்போது உறிஞ்சல் 200. அப்போது 4 வினாடி. உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் சுமார் 0.45 சதுர மீட்டர் அளவுக்கு ஓசையை உறிஞ்சுவார். 600 பேர் வந்தால் 270 கூடி உறிஞ்சல் 470 ஆகும், நேரம் 1.7 வினாடிக்கு இறங்கிவிடும். காலி ஹாலில் ஒத்திகை பார்த்துவிட்டு "இங்கே ஒன்றும் கேட்காது" என்று முடிவு கட்டுவது இதனால்தான் தப்பு. ஒரு பலூனை உடைத்து போனில் பதிவு செய்தால் போதும், வாலின் நீளம் திரையில் தெரியும். கை தட்டினால் ஒவ்வொருவர் தட்டும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். உடைப்பதற்கு முன்னால் காவலாளியிடம் சொல்லிவிடுங்கள்!

---

கொத்துக்கரண்டி

ஒலிக்காரர் சொன்னதில் மரக் கேலரி பற்றி ஒரு எச்சரிக்கை. அனுமதி கொடுத்தாலும் 24 பேரையும் ஒரே நேரத்தில் ஏற்றாதீர்கள். கூட்டம் நின்றுகொண்டு இருக்கிற இடத்துக்கு இன்றைய விதிப்படி சதுர மீட்டருக்கு 500 கிலோ தாங்கும்படி கணக்குப் போடுவோம். 1890 மரவேலையை யாரும் அந்தக் கணக்கில் போடவில்லை. வரிசையாக உட்காருகிற கூட்டம் பரவலாக நிற்கும். போட்டோ எடுக்கிற கூட்டம் கைப்பிடி ஓரமாக ஒரே இடத்தில் குவியும். கைப்பிடி ஓரம்தான் கேலரியில் பலவீனமான இடம்.

அந்தக் காலத்து மெட்ராஸ் கட்டடங்களில் தட்டையான கூரை வருகிற இடங்களில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் இருக்கும். எந்தப் பகுதியில் எது என்று அண்ணாந்து பார்த்து மாணவர்களே குறிக்கட்டும். அடையாளம் இதுதான்: தேக்குச் சட்டங்கள் வரிசையாக ஓடும், அவற்றுக்கு மேலே மெல்லிய கற்கள் மூலைவாட்டில் சாய்ந்து தெரியும். அது சுவர் கட்டுகிற செங்கல் இல்லை, டெரஸுக்கென்றே சுட்ட சின்னக் கல். அதைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் மூலைவாட்டில் அடுக்குவார்கள். அது இறுகிய பிறகு 10 செ.மீ. செங்கல் ஜல்லிக் காரை. ஜல்லி மூன்று பங்கு, சரளையும் மணலும் ஒரு பங்கு, மொத்தத்தில் பாதி அளவு சுண்ணாம்புக் கலவை. மரக்கட்டையால் மூன்று நாள் அடித்து அடித்து 7.5 செ.மீ. ஆக்குவார்கள். அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். அதன் மேல் மூன்று வரிசை தட்டோடு, ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேராக வராமல். கடைசியில் சுண்ணாம்புப் பூச்சு.

கெடுவது எப்படி? மழைநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் சுவர் ஓரமாக இறங்கும். சுவருக்குள் புதைந்திருக்கிற சட்டத்தின் நுனி முதலில் ஊறும், அங்கே காற்று போகாது. நடுச்சட்டம் வைரம் மாதிரி இருக்கும், நுனி மட்டும் புட்டு மாதிரி உதிரும். அதனால் சட்டத்தின் நடுவைத் தட்டிப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று எழுதுவது வெட்டி வேலை. சுவரை ஒட்டிய ஒரு சாண் தூரத்தைப் பாருங்கள். கறை, கரையான் மண், சுவர் மேல் விரிசல், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் குறியுங்கள்.

அடுத்த தப்பு நாமே செய்வது. ஒழுகுகிறது என்று பழையதை எடுக்காமல் மேலே இன்னொரு தளம் போடுவது. 5 செ.மீ. கூடுதல் என்றால் சதுர மீட்டருக்கு 90 முதல் 100 கிலோ. பத்துக்குப் பத்து அறைக்குக் கிட்டத்தட்ட ஒரு டன். மூன்று தலைமுறை மூன்று தடவை போட்டால் சட்டம் தொய்யாமல் என்ன செய்யும்? மூலைக்கு மூலை நூல் கட்டி நடுவில் எத்தனை அங்குலம் இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வெளிச்சுவர்: சிவப்புச் செங்கல், சுண்ணாம்பு இணைப்பு. பழுது பார்க்கிறேன் என்று இணைப்பில் சிமெண்ட் அடைத்த பழைய கட்டடங்களை ஊரெங்கும் பார்க்கலாம். சுவருக்குள் போன ஈரம் வெளியே வருவது மென்மையான சுண்ணாம்பு வழியாக. அதை சிமெண்டால் அடைத்தால் ஈரம் செங்கல் வழியாக வரும், வரும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். உப்பு செங்கல் முகத்துக்குப் பின்னால் படிகமாகி முகத்தைத் தள்ளிவிடும். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் சிமெண்ட் கோடு மட்டும் வலை மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும், செங்கல் உள்வாங்கிக் குழிந்திருக்கும். அப்படி ஒரு சதுர அடி எங்காவது கிடைத்தால் 24 பேரும் அதை வரையட்டும். வேறு பாடமே வேண்டாம்.

---

வரைபலகை

பெரிய உதவி. ஒரு சந்தேகம். சுண்ணாம்பா சிமெண்டா என்று கண்டுபிடிக்க நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும் என்று படித்தேன். சின்ன பாட்டில் எடுத்துப் போகலாமா? இன்னொன்று, கோபுர உயரத்தை மேலே ஏறாமல் அளக்க வழி உண்டா?

---

கொத்துக்கரண்டி

பாட்டிலை வீட்டிலேயே வையுங்கள். பாதுகாக்கப்படுகிற கட்டடத்தில் அமிலம் விடுவது முதல் குற்றம். இரண்டாவது, அந்தச் சோதனை நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாது. காற்றுப் பட்டுப் பழசான சிமெண்டும் நுரைக்கும். மணலில் கிளிஞ்சல் தூள் இருந்தால் அதுவும் நுரைக்கும்.

கண்ணே போதும். சுண்ணாம்பு இணைப்பு பால் வெள்ளையாகவோ, சுர்க்கி (செங்கல் தூள்) கலந்திருந்தால் இளஞ்சிவப்பாகவோ இருக்கும். உள்ளே வெள்ளைக் கட்டி கட்டியாகச் சுண்ணாம்புத் துணுக்கு தெரியும். சிமெண்ட் பச்சை கலந்த சாம்பல், ஒரே சீராக இருக்கும். கீழே உதிர்ந்து கிடக்கிற துண்டை மட்டும் எடுத்து நகத்தால் கீறுங்கள். சுண்ணாம்பு மாவாக வரும், சிமெண்டில் நகம்தான் தேயும். சுவரில் கீறக் கூடாது.

செங்கல் அளவுக்கு ஒரு கல்லை அளக்காதீர்கள். பத்து வரியைச் சேர்த்து உயரம் அளந்து பத்தால் வகுங்கள். இணைப்பும் சேர்ந்த சராசரி கிடைக்கும். அதே சுவரில் நாலு இடத்தில் இப்படி அளந்து ஒரு இடத்தில் மட்டும் எண் மாறினால், அந்த இடம் பிற்காலத்தில் கை வைத்தது என்று சந்தேகப்படலாம்.

---

பீப்பிள்ஸ்பார்க்

கோபுரத்துக்கு 45 பாகை செட் ஸ்கொயர் ஒன்று போதும். அதை ரசமட்டத்தோடு சேர்த்துப் பிடித்து, சாய்ந்த விளிம்பு வழியாகப் பார்த்துக்கொண்டே பின்னால் நகருங்கள். உச்சி சரியாக விளிம்பில் உட்காரும் இடத்தில் நில்லுங்கள். நின்ற இடத்திலிருந்து கோபுரம் வரையிலான தூரத்தோடு கண் மட்ட உயரத்தைக் கூட்டினால் உயரம்.

இங்கேதான் எல்லோரும் தவறுவார்கள். தூரத்தை கோபுரத்தின் முன்சுவர் வரை அளப்பார்கள். கூம்பின் உச்சி முன்சுவருக்கு நேர் மேலே இல்லை, கோபுரத்தின் நடுவில் இருக்கிறது. அதனால் கோபுர அகலத்தில் பாதியைத் தூரத்தோடு சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டால், 20 அடி அகலக் கோபுரம் என்று வைத்துக்கொண்டால், உயரம் 10 அடி குறைவாக வரும். அதேபோல நீங்கள் நிற்கிற தரையும் கட்டடத்தின் அடித்தளமும் ஒரே மட்டத்தில் இருக்காது. டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். நிற்கிற தரை தாழ்வாக இருந்தால் கழியுங்கள், உயர்வாக இருந்தால் கூட்டுங்கள். சாலை எத்தனை தடவை உயர்ந்திருக்கிறதோ.

வளைவுகளுக்கும் இதே மாதிரி ஒரு சின்னச் சோதனை. வளைவு தொடங்குகிற மட்டத்தில் அகலத்தை அளங்கள், அங்கிருந்து உச்சி வரை உயரத்தை அளங்கள். உயரம் அகலத்தில் சரிபாதி என்றால் அரைவட்டம், ரோமனெஸ்க் கட்சிக்கு ஒரு ஓட்டு. பாதிக்கு மேல் போய் உச்சியில் முனை தெரிந்தால் மறுகட்சிக்கு. 24 பேருக்கும் ஆளுக்கு ஒரு வளைவைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்து ஓட்டுகளை எண்ணுங்கள்.

---

மூன்றாவதுமணி

எண்ணி முடித்ததும் எண்ணிக்கையை இங்கே போடுங்கள். காலை ஒன்பதுக்கு முன்னால் போனால் கிழக்கு வெயில் சாய்வாக விழும், கார்னிஸ் செதுக்கல் நன்றாகத் தெரியும். பதினொரு மணிக்கு மேல் எல்லாம் தட்டையாகிவிடும்.